புதையல் காட்டும் மெஷினா? காசைப் பறிக்கும் மெஷினா? ஏமாறாமல் இருக்க உஷார் தகவல்கள்

தங்கம் விலை எகிறும் போதெல்லாம் புதையல் பேச்சும் கூடவே கிளம்பி விடும். 2025 ஜனவரியில் சென்னையில் ஒரு பவுன் 60 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அதே வருஷம் அக்டோபரில் 90 ஆயிரத்தையும் தாண்டியது. கல்யாண வயசில் பெண் இருக்கும் கூலித் தொழிலாளி வீட்டில் இந்த விலை என்ன பாடு படுத்தும் என்று சொல்லவே வேண்டாம்.

இந்த ஆசையை வைத்துத்தான் சில பலே ஆசாமிகள் கல்லா கட்டுகிறார்கள். "மெட்டல் டிடெக்டர் வாங்குங்க, மண்ணுக்குள்ள தங்கம் எங்க இருக்குன்னு அதுவே காட்டிடும்" என்று செல்போனில் வீடியோ வருகிறது. சில ஆயிரம் ரூபாயில் ஒரு மெஷின், லட்சக்கணக்கில் இன்னொரு மெஷின். எது நிஜம், எது டுபாக்கூர்? நிஜமான மெஷின் என்ன செய்யும்? ஒருவேளை ஏதாவது கிடைத்து விட்டால் சட்டம் என்ன சொல்கிறது? வாங்குவதற்கு முன்னால் இதையெல்லாம் தெரிந்து கொள்வது நல்லது.

சினிமா பார்த்துவிட்டு வயலைத் தோண்டிய ஜனங்கள்

2025 பிப்ரவரியில் 'சாவா' என்ற இந்திப் படம் வெளியானது. மராட்டிய மன்னர் சம்பாஜியின் கதை. மொகலாயர் காலத்தில் பர்ஹான்பூர் செல்வம் கொழித்த ஊர் என்று அந்தப் படத்தில் வருகிறது. அவ்வளவுதான். மத்தியப் பிரதேசத்தில் பர்ஹான்பூர் பக்கத்தில் உள்ள அசீர்கர் கோட்டையைச் சுற்றி மார்ச் மாதம் ஒரே களேபரம்.

ராத்திரியானால் டார்ச் லைட், மண்வெட்டி, சல்லடையுடன் கும்பல் கும்பலாக ஜனங்கள் வயல்களில் இறங்கி விட்டார்கள். சிலர் கையில் மெட்டல் டிடெக்டர். ரோடு வேலைக்காகத் தோண்டிய மண்ணில் மொகலாயர் காலத்துக் காசு கிடைத்ததாக ஒரு வதந்தி. அதை நம்பி அடுத்தவன் வயலை எல்லாம் குழி குழியாகத் தோண்டிப் போட்டார்கள். கடைசியில் அதிகாரிகளும் போலீசும் தலையிட்டுத்தான் தடுக்க வேண்டி வந்தது.

இதில் நஷ்டம் யாருக்கு? வயல்காரருக்கு. பயிர் போனது, நிலம் பாழானது.

சர்க்காரே ஏமாந்த கதை

படிக்காத ஜனங்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைத்து விடாதீர்கள். உத்தரப்பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டம் தௌண்டியா கேடா என்ற ஊரில் 2013ம் வருஷம் நடந்தது இது. 1857 புரட்சியில் வெள்ளைக்காரனை எதிர்த்த அரசரின் இடிந்த கோட்டைக்கு அடியில் ஆயிரம் டன் தங்கம் இருப்பதாகக் கனவு கண்டேன் என்றார் ஒரு சாமியார்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கருவிகளுடன் போய் பார்த்தது. பூமிக்கு அடியில் ஏதோ வித்தியாசம் தெரிகிறது, உலோகமாகவும் இருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. அக்டோபர் 18ந் தேதி மத்திய தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. டி.வி. கேமராக்கள், பலகாரக் கடைகள் என்று அந்த ஊரே திருவிழாக் கோலம். கிட்டத்தட்ட ஒரு மாதம் தோண்டியும் கிடைத்தது பானை ஓடு, எலும்பு, வளையல் துண்டுகள்தான். தங்கம் ஒரு குண்டுமணி கூட இல்லை.

சர்க்காரின் கருவியாலேயே "இது தங்கம்" என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ரூம் போட்டு மெஷின் விற்பவர் எப்படிச் சொல்வார்?

மெஷின் வேலை செய்வது எப்படி?

நிஜமான மெட்டல் டிடெக்டரில் மந்திரம் எதுவும் கிடையாது. அடியில் வட்டமாகத் தட்டு போல இருப்பது காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்ணுக்குள் உள்ள உலோகத்தில் பட்டால் அந்த உலோகத்திலும் சின்னதாக மின்னோட்டம் பிறக்கிறது. அதை காயில் திரும்ப உணர்ந்து 'பீப்' என்று சத்தம் கொடுக்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

இதில் இருந்து மூன்று விஷயங்களைப் புரிந்து கொள்ளலாம்.

ஒன்று, ஆழம். ஒரு காசு அளவுள்ள பொருளை நல்ல மெஷின் கூட சுமார் ஒரு அடி ஆழம் வரைதான் கண்டுபிடிக்கும். பல நேரம் முக்கால் அடியைத் தாண்டாது. அண்டா, குடம் போல பெரிய பொருளாக இருந்தால் சில அடி கூடுதலாகப் போகும். "60 அடி ஆழத்துல இருந்தாலும் காட்டும்" என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

இரண்டு, தங்கம் என்று தனியாகத் தெரியாது. சில மெஷின்களில் நம்பர் வரும். பொருளில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது, அதன் அளவும் வடிவமும் என்ன என்பதைப் பொறுத்து வரும் நம்பர் அது. ஒரு சின்னத் தங்க மோதிரத்துக்கு வரும் அதே நம்பர்தான் கசங்கிய அலுமினியத் தாளுக்கும், கூல்டிரிங்ஸ் டின் மூடிக்கும் வரும். தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். பத்து இடத்தில் தோண்டினால் ஆணி, மூடி, கம்பித் துண்டு என்று குப்பைதான் அதிகம் கிடைக்கும்.

மூன்று, மண் முக்கியம். இரும்புச் சத்து அதிகம் உள்ள செம்மண்ணில் மெஷின் சும்மா சும்மா கத்தும். கடற்கரை ஈர மணலில் உப்பு இருப்பதால் விலை குறைந்த மெஷின் குழம்பி விடும்.

வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவின் காரெட், ஆஸ்திரேலியாவின் மைன்லேப், துருக்கியின் நோக்டா ஆகியவை உலகம் முழுக்கப் பெயர் பெற்ற கம்பெனிகள். அவர்கள் யாரும் "புதையல் கியாரண்டி" என்று சொல்லி விற்பதில்லை.

புதிதாகப் பழகுபவருக்கு மண்ணுக்குத் தகுந்தபடி மெஷினைச் சரி செய்யும் வசதி வேண்டும். இதை 'கிரவுண்ட் பேலன்ஸ்' என்பார்கள். இரும்பை ஒதுக்கும் வசதி வேண்டும். தண்ணீர் புகாத காயில் வேண்டும். ஹெட்போன் மாட்ட இடம் வேண்டும். கடற்கரையில் தேடுபவர் ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்யும் ரகத்தைப் பார்க்கலாம். இத்துடன் குழிக்குள் விட்டுப் பார்க்கும் 'பின்பாயிண்டர்' என்ற கைக்கருவியும் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

பயன்படுத்தும் போது தட்டைத் தரைக்கு மேலே ஓரிரு விரல் கட்டை உயரத்தில் சமமாகப் பிடிக்க வேண்டும். வீசி வீசி ஆட்டக் கூடாது. களத்தைப் பெருக்குவது போல மெதுவாக, போன இடத்தின் மேல் பாதி படும்படி திரும்பத் திரும்ப ஆட்ட வேண்டும். சத்தம் வந்தால் நேராகவும் குறுக்காகவும் இரண்டு முறை பார்த்து, இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் சின்னதாகத் தோண்ட வேண்டும். எடுத்ததும் குழியை மூடி விட வேண்டும்.

முதல் நாளே காட்டுக்குப் போகாதீர்கள். வீட்டு வாசலில் அரை ஜாண் ஆழத்தில் உங்கள் மோதிரத்தையும், ஒரு அடி தள்ளி ஒரு ஆணியையும் புதைத்து வைத்துச் சத்தம் எப்படி மாறுகிறது என்று பழகிக் கொள்ளுங்கள்.

நம் ஊரில் இந்த மெஷினால் நிஜமாகவே உபயோகம் எங்கே? களை எடுக்கும்போது வயலில் தவறிய தாலி, தோட்டத்தில் விழுந்த கம்மல், மண் மூடிப் போன குழாய் மூடி. சொந்தப் பொருளைத் தேட இது அருமையான கருவி. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆன்டெனா ஆடினால் தங்கமா?

இப்போது டுபாக்கூர் மெஷின் கதைக்கு வருவோம். துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி. அதில் நீளமாக ஒரு ஆன்டெனா, அல்லது இரண்டு. "தங்கம் இருக்கற திசைக்கு தானா திரும்பும், ஒரு கிலோமீட்டர் வரை காட்டும்" என்பார்கள். இதற்குத்தான் லட்சக்கணக்கில் விலை.

இதே தில்லுமுல்லை உலகமே பார்த்திருக்கிறது. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற இங்கிலாந்து ஆசாமி, 'ஏ.டி.ஈ. 651' என்ற பெயரில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று இராக் அரசுக்கே கோடிக்கணக்கான டாலருக்கு விற்றார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. பேட்டரி கூட கிடையாது. கோல்ப் பந்து தேட என்று சுமார் 20 டாலருக்கு விற்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்துச் செய்தது அது. இதை நம்பி செக்போஸ்ட்டில் நின்றவர்கள் எத்தனையோ பேர் குண்டு வெடித்துச் செத்தார்கள். 2013 மே மாதம் லண்டன் கோர்ட்டு அவருக்கு 10 வருஷம் ஜெயில் தண்டனை விதித்தது.

'ஜி.டி. 200' என்று இதே மாதிரி இன்னொரு கருவி. தாய்லாந்து அரசு 2010ல் இதைச் சோதித்தது. நாலு பெட்டியில் ஒன்றில் மட்டும் வெடிமருந்து. 20 தடவை பார்த்ததில் 4 தடவைதான் சரியாகக் காட்டியது. கண்ணை மூடிக் கொண்டு குத்துமதிப்பாகக் கையைக் காட்டினாலே 5 தடவை சரியாக வந்திருக்கும்!

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். நாலு பிளாஸ்டிக் கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றுக்கு அடியில் மட்டும் மோதிரத்தை வையுங்கள். எதில் இருக்கிறது என்று மெஷின்காரருக்கும் தெரியக் கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியக் கூடாது. 20 தடவை மாற்றி மாற்றி வையுங்கள். நிஜ மெஷின் 20 தடவையும் சரியாகக் காட்டும். ஆன்டெனா மெஷின்காரர், "இங்க வேண்டாம், அமாவாசை ராத்திரிதான் வேலை செய்யும்" என்று நழுவுவார். அப்போதே வாசலைக் காட்டி விடுங்கள்.

இரிடியம் கலசம், ரைஸ் புல்லர் மோசடியும் இதே குடும்பம்தான். இரிடியம் என்பது நிஜமான உலோகம். ஸ்பார்க் பிளக் முனையில் கூட வைக்கிறார்கள். ஆனால் அது அரிசியை இழுக்காது. அரிசியை இழுக்கும் உலோகம் எதுவுமே உலகத்தில் கிடையாது.

குழிக்குள் போன உயிர்கள்

காசு போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். உயிர் போனால்? தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் 2021 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். புதையல் ஆசையில் வீட்டிலேயே சுமார் 50 அடி ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். உள்ளே இறங்கியவர்களை விஷவாயு தாக்கியது. 2 பேர் பலியானார்கள்.

ஆழமான குறுகலான குழியில் காற்றோட்டம் இருக்காது. பிராணவாயு குறைந்து கொண்டே போகும். மயக்கம் வருவது கூட தெரியாது. காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து விழுவார். மண் சரிந்தால் ஓடவும் வழி இல்லை. மெஷின் சரியாகக் காட்டுவதே ஒரு அடி, ரெண்டு அடிதான் என்று தெரிந்திருந்தால் 50 அடி குழிக்கு என்ன வேலை?

கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

"புதையல் கிடைச்சா கவர்மென்ட் மொத்தமா பிடுங்கிக்கும், அதனால வெளியே மூச்சு விடக் கூடாது" என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். இது தப்பு. இந்தத் தப்பான நினைப்புதான் பலரைத் திருட்டு வியாபாரியிடம் கொண்டு போய்த் தள்ளுகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில், 1878ல் போட்ட இந்தியப் புதையல் சட்டம் இன்றைக்கும் அமலில் உள்ளது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டு வருவதாக உறுதி கொடுக்க வேண்டும்.

கலெக்டர் அறிவிப்பு போடுவார். உரிமை கோர 4 மாதத்துக்குக் குறையாமல், 6 மாதத்துக்கு மிகாமல் ஒரு தேதி குறிப்பார். 100 வருஷத்துக்குள் தானோ தன் முன்னோரோ புதைத்தது என்று யாராவது வந்து சொன்னால் அதை விசாரிப்பார்கள். யாருமே வராமல் உரிமையாளர் இல்லாத பொருள் என்று முடிவானால் பங்கு பிரியும்.

பங்கு எவ்வளவு தெரியுமா? நிலத்துக்காரரும் கண்டெடுத்தவரும் தங்களுக்குள் வேறு ஒப்பந்தம் செய்து கொள்ளாவிட்டால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு. நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. 4 லட்சம் மதிப்பு என்றால் கண்டெடுத்தவருக்கு 3 லட்சம். பொருளை அரசே எடுத்துக் கொண்டால் அந்த உலோகத்தின் மதிப்புடன் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துத் தர வேண்டும் என்றும் சட்டத்தில் உள்ளது.

மறைத்தால்? அந்தப் பங்கு அரசுக்குப் போய்விடும். ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். உடந்தையாக இருக்கும் நிலத்துக்காரருக்கும் 6 மாதம் வரை ஜெயில் உண்டு.

இத்துடன் 1972ம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசு, சிலை போன்றவை தொல்பொருள். லைசென்ஸ் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக் கூடாது. வெளிநாட்டுக்குக் கடத்தினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை கம்பி எண்ண வேண்டும். தொல்லியல் துறை பாதுகாக்கும் கோட்டை, கோயில், முதுமக்கள் தாழி மேடு போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவதும் குற்றம்.

ஒரே நாடு, இரண்டு முடிவு

இங்கிலாந்தில் இது பெரிய பொழுதுபோக்கு. நிலத்துக்காரர் சம்மதத்துடன் தேடலாம். புதையல் என்றால் அரசுக்குச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதையல்கள் அங்கே பதிவாகின்றன.

2009 ஜூலையில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் ஸ்டாபோர்ட்ஷயரில் ஒரு விவசாயியின் வயலில் தேடினார். அவர் கையில் இருந்தது இரண்டரை பவுண்டுக்கு வாங்கிய பழைய மெஷின். 7ம் நூற்றாண்டைச் சேர்ந்த சுமார் 4 கிலோ தங்கம் கிடைத்தது. முறைப்படி சொன்னார். 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு மதிப்பு போட்டார்கள். அவரும் நிலத்துக்காரரும் ஆளுக்குப் பாதி.

2015ல் அதே நாட்டில் ஹெர்போர்டுஷயரில் 2 பேருக்கு வைக்கிங் காலத்துப் புதையல் கிடைத்தது. சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்கிறார்கள். இருவரும் மறைத்து விற்றார்கள். 2019 நவம்பரில் ஒருவருக்கு 10 வருஷமும் இன்னொருவருக்கு எட்டரை வருஷமும் ஜெயில். அப்பீலில் தண்டனை குறைந்தாலும் ஜெயில் ஜெயில்தான். சொல்லியிருந்தால் பெரிய தொகை கைக்கு வந்திருக்கும்.

நம்ம ஊரில் கிடைத்தது எப்படி?

தமிழ்நாட்டில் புதையல் கிடைத்ததே இல்லையா? நிறைய கிடைத்திருக்கிறது. புதுக்கோட்டைப் பகுதி கருக்காக்குறிச்சியில் 1898ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. 2020 பிப்ரவரியில் திருச்சி திருவானைக்காவல் கோயிலில் மண் தோண்டியபோது ஒரு சொம்பில் 505 தங்கக் காசுகள் இருந்தன. எடை 1 கிலோ 716 கிராம். அதே வருஷம் டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் 565 கிராம் தங்கம் கிடைத்தது. "எங்க சாமி நகை, தர மாட்டோம்" என்று ஊர்க்காரர்கள் மல்லுக்கட்டி, பிறகு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள்.

திருவானைக்காவலிலும் உத்திரமேரூரிலும் யாரும் மெஷினைத் தூக்கிக் கொண்டு அலையவில்லை. வேலை செய்யும்போது தானாகத் தட்டுப்பட்டது. கடப்பாரை பிடிக்கும் கூலிக்காரர் கண்ணில்தான் முதலில் படும். அப்படிப்பட்ட தொழிலாளிக்குத் தனக்கு என்ன உரிமை என்று தெரியாமல் இருப்பதுதான் வேதனை. சட்டத்தில் 'கண்டெடுத்தவர்' என்றுதான் இருக்கிறது. ஏழை, பணக்காரன் என்று பிரிக்கவில்லை.

நாலில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு என்பதை ஒவ்வொரு வி.ஏ.ஓ. ஆபீஸ் சுவரிலும் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டால் என்ன? மறைப்பவர்கள் பாதியாகக் குறைவார்கள். இரவோடு இரவாக உருக்கப்படும் காசுகளும் மியூசியத்துக்கு வந்து சேரும். ஒரு காசு எந்த ஊரில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் நம்ம ஊர் சரித்திரம் தெரியும். உருக்கி விட்டால் அது வெறும் சில கிராம் தங்கம்.

மெஷின் ஆசை இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடன் வாங்கி வாங்காதீர்கள். தாலியை அடகு வைத்து வாங்கவே வாங்காதீர்கள். நாலு கிண்ணம் சோதனை செய்யாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் கால் வைக்காதீர்கள்.

மண் வேலையில் ஏதாவது தட்டுப்பட்டால் தோண்டுவதை அப்படியே நிறுத்தி விட்டு, இருந்த இடத்திலேயே செல்போனில் படம் எடுத்து, நாலு பேர் முன்னிலையில் வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாருக்குத் தகவல் கொடுங்கள். கலெக்டருக்கு மனு எழுதி அதற்கு ரசீது வாங்கிக் கொள்ளுங்கள். நாளைக்குப் பங்கு கேட்டுப் போகும்போது அந்த ரசீதுதான் உங்களுக்குச் சாட்சி.